மீசைக்குக் கீழே ஓட்டை

ஜூலை 12, சனி. முக்குளிக்கும்போது முகமூடிக்குள் தண்ணீர் புகுந்ததும் அவன் அதன் வாரைக் குறை சொன்னது தவறு. இறுக்க இறுக்கத் தண்ணீர் அதிகமாகத்தான் வந்தது. இப்போது முக்குளிப்புக் கடையின் பின்புறம், உப்பு போகக் கழுவும் தொட்டியருகே நிற்கிறான். சாய்த்து வைத்த காற்று உருளைகள்மேல் மாலை வெயில் மஞ்சளாக விழுகிறது. கொடியில் ரப்பர் உடைகள் சொட்டுகின்றன. பயிற்சியாளர் முகமூடியை அவன் முகத்தில் பொருத்தி, மூக்குக்குக் கீழே விரலை வைக்கிறார். "இங்கதாண்ணே ஓட்டை. ரப்பர் தோல்லதான் ஒட்டும், முடியில ஒட்டாது." "வாசலின் தடவினா?" "இந்த அடர்த்திக்கு ஒரு டப்பா பத்தாது. நாளைக்கும் பதறிப்போய் மேல வந்தீங்கன்னா, அண்ணி மட்டும்தான் பாறைக்கு வருவாங்க." காலில் மாட்டும் துடுப்புகளை அலசிக்கொண்டிருக்கும் மனைவி நிமிராமல் சிரிக்கிறாள். "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படிங்க?" பவளப்பாறையைச் சேர்ந்து பார்க்கத்தான் இரண்டு வருட விடுமுறையைச் சேர்த்து வைத்து வந்திருக்கிறார்கள். அவன் மீசையை நீவுகிறான். விரலில் உப்பு நெருடுகிறது. "மீசை இல்லாம பார்த்தா பாப்பா பயந்துக்குவாளே?" "போன்ல முதல்ல நான் பேசறேன். அப்புறம், இதுதான் உங்கப்பான்னு அறிமுகப்படுத்தறேன்." பயிற்சியாளர் இருமுவதுபோல் திரும்பிக்கொள்கிறார். அவள் எழுந்து, ஈரக் கையால் அவன் மேலுதட்டை மறைத்துப் பார்க்கிறாள். தலையை இப்படியும் அப்படியும் சாய்க்கிறாள். "என்ன?" "ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கும்." அவன் நம்பவில்லை. ஆனாலும் அவள் கையை விலக்கவில்லை. நாளை காலை ஏழு மணிக்குப் படகு. அதற்குள் மழித்துவிட வேண்டும்.