எட்டு வினாடி

மாப்பிள்ளை செய்தது சுத்தப் பித்தலாட்டம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் ஒரு விளையாட்டு சேனலின் தலைவர். மேட்ச் நாளில் வீட்டில் இருந்தாலும் காதில் இயர்போன் இருக்கும். கன்ட்ரோல் ரூமில் பேசுவதெல்லாம் அதில் கேட்கும். அங்கே தெரிகிற காட்சி வீட்டு டிவிக்கு வந்து சேர எட்டு வினாடி ஆகும்.

அந்த எட்டு வினாடியை வைத்துத்தான் மாமனாரைக் கவிழ்த்தார்.

"இது கோல் மாமா" என்பார். எட்டு எண்ணுவதற்குள் கோல் விழும்.

"பந்து விரட்டுறதைப் படம் காட்டுறதெல்லாம் ஒரு உத்தியோகமா?" என்று கல்யாணத்தன்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட மனிதர்தான் மாமனார். இப்போதோ, "சும்மாவா அவரைத் தலைவராக்கியிருக்காங்க!" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தார்.

மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை.

"காது மந்தமான மனுஷனை ஏமாத்துறீங்களே, வெக்கமா இல்லையா?"

மாமனாரும் காதில் மெஷின் மாட்டியிருப்பார். இரண்டு தடவை "ஆங்?" என்று கேட்காமல் எதற்கும் பதில் சொல்ல மாட்டார்.

போன வியாழக்கிழமை சேனல் கைமாறியது. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் நாற்காலியில் புது முதலாளியின் ஆள் உட்கார்ந்தான். இயர்போன் ஊமையாகிவிட்டது.

"அப்பாகிட்ட இப்போ சொல்லாதே" என்று சமையலறையில் மனைவியிடம் கெஞ்சினார். "வேற வேலை கிடைக்கட்டும். அந்த மூஞ்சியை மறுபடி என்னால பார்க்க முடியாது."

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். மாமனார் தன் வாக்கிங் நண்பர்கள் நாலு பேரை வேறு கூட்டிவந்துவிட்டார்.

"நான் சொன்னா நம்பலையே, இன்னிக்கு நேர்லயே பாருங்க."

மாப்பிள்ளை ஊமை இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தலைவலி என்று சொல்லியே முக்கால்வாசி ஆட்டத்தை ஓட்டிவிட்டார்.

கடைசி நிமிடத்தில் பெனால்டி.

"என்ன தம்பி, கோலா இல்லையா?" என்றார் பல் டாக்டர் நண்பர். நாலு தலையும் திரும்பியது.

மாப்பிள்ளை இயர்போனை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். போதும், உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு..."

டிவியில் ஆட்டக்காரன் அப்போதுதான் பந்தை வைத்துக்கொண்டிருந்தான். மாமனார் சட்டென்று சாய்ந்து காதில் கிசுகிசுத்தார்.

"கீப்பர் பிடிச்சுட்டான். கோல் இல்லைன்னு சொல்லுங்க, சீக்கிரம்!"

"கோ... கோல் இல்லை!"

டிவியில் ஆட்டக்காரன் ஓடிவந்து உதைத்தான். கீப்பர் பாய்ந்து பிடித்தான். நண்பர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மாப்பிள்ளை திகைத்துப்போய் மாமனாரைப் பார்த்தார். மாமனார் காது மெஷினைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார். அதனுள்ளே யாரோ ஒரு வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"ரேடியோ, மாப்ள. இதுலயும் டிவிக்கு முன்னாடியே வந்துடும். மூணு வருஷமா உங்களுக்குத் தெரியறப்பவே எனக்கும் தெரியும்."

"அப்போ... உங்க காது?"

"காதுக்கு என்ன கேடு? சமையலறையில பேசினதுகூட நல்லாக் கேட்டுச்சு" என்ற மாமனார், கைதட்டலுக்கு நடுவே அவர் தோளில் தட்டினார். "பயப்படாதீங்க. அந்த மூஞ்சியை இனிமே காட்ட மாட்டேன்."