கீழ் நெவ்ரி

லோதி ரோடு குவார்ட்டர்ஸில் தனியாக இருந்த ரத்தினவேல், இல்லாத ஒரு தேசத்துக்காக நோட்டுப் புத்தகத்தில் மொழிகள் உண்டாக்கினார். அவற்றுக்கெல்லாம் மூலமான தாய்மொழி நெவ்ரி. அதன் கிளைகள் மேல் நெவ்ரி, கீழ் நெவ்ரி. பதினோரு ஆண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லை.

எண்பத்தொன்றில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த பூங்கோதை டீச்சர் தாய்மொழி கேட்டாள். ஏதோ ஓர் ஆசையில் "நெவ்ரி" என்றார்.

"அச்சா. மேலா, கீழா சார்?" டீச்சர் எழுதுவதை நிறுத்தவில்லை. "மாடி வீட்டம்மா கீழ் நெவ்ரின்னாங்க. பேச ஆளே இல்லையாம், பாவம்."

மாடி வீடு நான்கு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது.

டீச்சர் போனதும் ரத்தினவேல் படியேறினார். பூட்டு துருவேறியிருந்தது. கதவருகே நின்று, கீழ் நெவ்ரியில் மெதுவாக வணக்கம் சொன்னார்.

உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் பதில் சொன்னது. அவர் இன்னும் உண்டாக்காத சொற்கள். ஆனாலும் புரிந்தது.

"கதவு திறந்துதானே இருக்கு, வாங்க."