மறுமுனையில் ஒரு மூச்சு

ஊட்டியில் ஸ்வெட்டர் விற்கும் டோல்கர், திபெத்தில் நிலநடுக்கம் வந்த நாளிலிருந்து அங்கிருக்கும் அம்மாவின் எண்ணை அழைத்துக்கொண்டே இருந்தாள். இருபதாம் நாள் யாரோ எடுத்தார்கள். பேச்சில்லை, மூச்சு மட்டும். கம்பளிகள் அனுப்பியிருப்பதாக டோல்கர் சொன்னாள். அந்த மூட்டைகள் எல்லை தாண்ட வழியின்றிக் காத்மாண்டுவிலிருந்து திரும்பி வந்து அவள் கடையிலேயே கிடந்தன. அவற்றின் மேல் உட்கார்ந்துதான் தினமும் பேசினாள். இருபத்தைந்தாம் நாள் மறுமுனையில் ஒரு பெண்குரல் மெல்ல முனகியது.

"என்ன சொல்றாங்க?" என்றாள் பக்கத்துக் கடை பிரமிளா.

"குளிருதாம்."

"அம்மாதானே?"

"இல்லக்கா. இது வேற யாரோ."

அம்மாவின் போன் அந்தப் பெண்ணின் கைக்கு எப்படிப் போனதென்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாளும் டோல்கர் அழைத்தாள். மூச்சு கேட்டதும், "அம்மா" என்றாள்.

அந்தக் குரல் மறுக்கவில்லை.