உக்கும் கழிவு நாள்

ஒரு சமூகம் எவ்வளவு தூரம் நாகரிகமடைந்திருக்கிறது என்பதை அதன் குப்பைப் பை சொல்லிவிடும்.

நாலு வீட்டு ஒழுங்கை நலன்புரிச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைவர் மோகனராஜ் இப்படி முழங்கியிருந்தார். நேரில் வந்திருந்தது அவர் மட்டும்தான். மற்ற மூன்று உறுப்பினர்களும் போனில் இருந்தார்கள்: ஒருவர் டோஹா, ஒருவர் மெல்பேர்ன், ஒருவர் டொரொண்டோ. பாதியில் ஒருவருக்கு சார்ஜ் தீர்ந்துவிட்டது.

இன்று வியாழன், சமையலறைக் குப்பை எடுக்கும் நாள். உக்கும் கழிவு நாள்.

காலை ஆறரை மணி. குண்டசாலையில் பனி இன்னும் விலகவில்லை. மோகனராஜ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த மூன்று உறுப்பினர்களும் பூட்டிவிட்டுப் போன வீடுகளின் வாசலிலும் ஒவ்வொரு பையாக வைத்தார்.

பிரதேச சபையின் புதிய விதி சுருக்கமானது. நாலு வீட்டுக் குப்பையாவது இல்லாத ஒழுங்கைக்குள் ட்ரக்டர் வராது. குப்பையை மெயின் ரோட்டுக்குத் தூக்கிப் போக வேண்டும்.

தூக்கிப் போவது பெரிய காரியமில்லை. ஆனால் ட்ரக்டரை விட்டால் இந்த ஒழுங்கைக்குள் வேறொன்றும் வருவதில்லை. கிழமைக்கு இரண்டு தரம் கேற்றடியில் நின்று "சேர், சுகமா?" என்று கேட்பது, குப்பை ஏற்றும் அழகமுத்து ஒருவர்தான்.

ஆகவே மூன்று கிழமையாக மோகனராஜ் தன் குப்பையைப் பங்கு போட்டு வந்தார். அதிலும் ஒரு நேர்மை வேண்டுமே.

ரஸீன் வீட்டுப் பைக்கு முட்டைக் கோது. பெருநாளைக்கு அவர் மனைவி றமீஸா வட்டிலப்பம் அவித்தால் நாற்பது முட்டை உடையும். ஒரு கோப்பை கட்டாயம் இங்கே வரும்.

விஜேகோன் வீட்டுப் பைக்குப் பலாக்கொட்டைத் தோல். அந்த மனிதர் பழம் வெட்டினால் ஒழுங்கையே கையில் எண்ணெய் பூசிக்கொண்டு நிற்கும்.

லோஜினி டீச்சர் வீட்டுப் பைக்கு பீட்ரூட் கறி, கறியாகவே. டீச்சரின் மூன்று பிள்ளைகளும் ஒருநாளாவது பீட்ரூட் தின்றதில்லை. நேற்றுச் சமைத்ததை மோகனராஜும் தொடவில்லை. வெறும் பாணைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டு, கறியை அப்படியே கொட்டிக் கட்டினார். கட்டும்போது பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தார். கடைசிப் பிள்ளையின் பெயரில் கொஞ்சம் தடுமாற்றம்.

ட்ரக்டர் வந்தது. இன்றைக்கு அழகமுத்துவோடு சபையின் மேற்பார்வையாளர் நஸீபும் இறங்கினார். கையில் படிவம். எந்த ஒழுங்கையில் எத்தனை வீடு என்று எண்ணிக்கொண்டு வருகிறாராம்.

"ஒண்டு. ரெண்டு. மூணு."

நாலாவது வாசலில் நஸீப் நின்றார். அது மோகனராஜின் வாசல். அங்கே பை இல்லை.

தான் குடியிருக்கும் வீட்டுக்கு அத்தாட்சி எதற்கு என்று அவர் நினைத்திருந்தார். நினைக்காவிட்டாலும், போடுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

"என்ன சேர், விரதமா?" என்றார் அழகமுத்து.

"நான் இங்கதானே இருக்கேன்," என்றார் மோகனராஜ், நஸீபைப் பார்த்து.

"ஆள் இருந்தா குப்பை ஈக்கணுமே, சேர்," என்றார் நஸீப்.

அந்த மூன்றில் ஒரு பையைத் தன்னுடையது என்று சொல்லலாம். சொன்னாலும் மூன்று வீடுதான் வரும். மூன்றும் தன்னுடையது என்றால் ஒரே வீடு. மோகனராஜ் எப்படிக் கூட்டிப் பார்த்தும் நாலு வரவில்லை.

அழகமுத்து மூன்று பைகளையும் ஒரே கையில் தூக்கினார். பாரம் அவ்வளவுதான். நஸீபிடம் அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பைகளை ட்ரக்டரில் போட்டுவிட்டு, ஒழுங்கையை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

நஸீப் படிவத்தை நிரப்பினார். மூன்று வீடுகளில் ஆட்கள் வசிக்கிறார்கள். நாலாவது, வெறும் வீடு.

கீழே, மேற்படி விவரங்கள் உண்மையானவை என்று உறுதிப்படுத்தும் இடத்தில், சங்கத் தலைவர் கையெழுத்து வைத்தார்.