நூல் கட்டினால் பட்டம்

எஸ்பிளனேட் திடலில் வெயில் சாய்கிறது, கடல்காற்று இதமாக வீசுகிறது. மூங்கில் குச்சியும் பட்டக் காகிதமும் ஒட்டித் தானே செய்த பொம்மை ஏரோப்ளேனை மார்போடு அணைத்துக்கொண்டு காதர் கனி நிற்கிறார். அதைப் பறக்கவைக்கும் ரப்பரை உள்ளே முறுக்கியாகிவிட்டது. அதன் மூக்கிலிருக்கும் விசிறி சுழன்றுவிடாமல் ஒரு விரலால் அடக்கிப் பிடித்திருக்கிறார். "கிளப் மெம்பருங்கதான் விடலாம் அண்ணே, கவர்மெண்டு ரூல்," என்கிறார் பொம்மை ஏரோப்ளேன் கிளப்பின் செயலாளர் நவநீதம். "அப்ப என்னை மெம்பராச் சேத்துக்கங்க." "பறக்கவிட்டுக் காட்டினாத்தானே சேக்கலாம்." "சரி, இந்தா விடறேன்." "மெம்பர் ஆவாம எப்படி விடுவீங்க லா?" "ரப்பர் தாங்காது தம்பி, அறுந்துரும்!" காதரின் மனைவி மைமூன் பீவி தலையில் அடித்துக்கொள்கிறாள். "போன வாரமும் இதே கச்சேரி. ஏன் தம்பி, அங்க அத்தனை பேரு பட்டம் விடறாங்களே, அதுக்கு என்ன ரூல்?" "பட்டத்துக்கு ரூல் இல்லக்கா. அதுலதான் நூல் இருக்கே." மைமூன் முந்தானை ஓரத்திலிருந்து நீளமாக ஓர் இழையை உருவுகிறாள், ஒரு முனையை ஏரோப்ளேனின் வாலில் முடிகிறாள், மறுமுனையைக் கையில் பிடித்துக்கொள்கிறாள். "இப்ப இது பட்டம்." நவநீதம் குனிந்து நூலை இழுத்துப் பார்க்கிறார். "நூலை மட்டும் விட்டுடாதீங்கக்கா." "புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன்." காதர் விரலை எடுக்கிறார். விசிறி கிர்ரென்று சுழல, ஏரோப்ளேன் அவர் கையிலிருந்து எழும்புகிறது. நூல் விறைக்கிறது. மைமூன் செயலாளரின் முகத்தையே முறைத்துப் பார்த்தபடி நூலைப் பிடித்திருந்த விரல்களைப் பிரிக்கிறாள்.