குவாரித் தண்ணீருக்குள்

பூந்தமல்லிக்கு அப்பால், மார்கழி வெயில் சாய்வாக விழும் கல்குவாரித் தண்ணீரில் சபீனா மிதக்கிறாள். போன வாரம் குளிர் தாங்காமல் பாதியிலேயே மேலே வந்துவிட்டவள். கூட முங்கும் தோழி ராஜகுமாரி அவளுடைய ரப்பர் உடையின் கழுத்துப்பட்டையை இழுத்து ஒட்டுகிறாள். "குளுந்துச்சுனா கையக் காட்டு, ஏறிடலாம். வீம்பு வேணாம், இன்னா?" "இன்னிக்கு அடிவரைக்கும் போகாம வரமாட்டேன்டீ" என்றபடி சபீனா முதுகிலிருக்கும் சிலிண்டரின் காற்றுக்குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குகிறாள். லாரிகளின் இரைச்சல் அறுந்துபோகிறது. பச்சை வெளிச்சம் மெல்லக் கருக்கிறது. கழுத்து வழியாகப் புகுந்த தண்ணீர் முதுகெல்லாம் ஐஸாக வழிய, தாடை கிடுகிடுக்கிறது. மேலே போகலாம் என்று காட்டக் கை எழும்புகிறது. ராஜகுமாரி அந்தக் கையைப் பற்றி, கொஞ்சம் பொறு என்பதுபோல் அழுத்துகிறாள். இருவரும் அசையாமல் நிற்கிறார்கள். மூச்சுக் குமிழிகள் மட்டும் குலுங்கி மேலே போகின்றன. ரப்பருக்கும் தோலுக்கும் நடுவே சிக்கிய தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பாகிறது. வெளியிலிருந்து வந்த சூடல்ல, அவள் உடம்பே காய்ச்சிக்கொண்டது. சபீனா விரல்களை வட்டமாக்கி, சரி என்று காட்டுகிறாள். இன்னும் இறங்குகிறார்கள். அடியில், கல் வெட்டியவர்கள் தொடாமல் விட்ட பாறைத் திட்டின்மேல், ஓலை உதிர்ந்த பனைமரம் ஒன்று முழு உயரத்துக்கும் நிற்கிறது. அதன் தலையைச் சுற்றிச் சிறு மீன்கள் கூட்டமாகத் திரும்புகின்றன. சபீனா கையை நீட்டி அடிமரத்தைத் தொடுகிறாள். இத்தனை நாள் தண்ணீரில் ஊறியும் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது.