நெசமா செத்தவன்

ரஞ்சன்குடிக் கோட்டைக்குச் சுற்றுலாப் பயணிகளை இழுக்கக் கலைவிழா ஏற்பாடு செய்திருந்தான் கோகுலகிருஷ்ணன். நிகழ்ச்சிகளில் ஒப்பாரியும் ஒன்று. பாட வந்த கமலவேணிக்கு மேடை ஏறவே கால் வரவில்லை.

“சாவில்லாம ஒப்பாரி வச்சா ஒரு உசுரு போயிடும் தம்பி. நெசமா செத்தவங்க பேரு ஒண்ணு சொல்லுங்க, அவங்களுக்குப் பாடுறேன்.”

“வெளிநாட்டுக்காரங்களுக்கு யாரு செத்தா என்னக்கா?”

“அப்ப நீங்களே பாடிக்குங்க. நான் பஸ் ஏறுறேன்.”

அவன் அவள் பையைப் பிடித்து நிறுத்தினான்.

“மணிமாறன்னு பாடுங்க. பூலாம்பாடிக்காரன். மலேசியாவுக்கு வேலைக்குப் போன எடத்துல செத்துட்டான். அவனுக்காக இதுவரைக்கும் யாரும் அழுவலக்கா.”

அந்தப் பெயரைச் சொல்லி அவள் அழுது பாட, செல்போன்கள் எல்லாம் உயர்ந்தன.

திடீரென்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு ஓடிவந்தாள் பொன்னம்மாள். மகன் நடத்தும் விழாவைப் பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்த கோகுலகிருஷ்ணனின் தாய்.

“எவடி அவ, உசுரோட இருக்கற எம்புள்ளைக்கு ஒப்பாரி வைக்கிறவ? நேத்துகூட போன்ல பேசுனான்டி! டேய் கோகுலு, ஒங்கண்ணன் நல்லாருக்கான்னு நீயாவது சொல்லேன்டா!”

அவள் கதறலைத் தாங்க முடியாமல் அவன் வாய், பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டது.

“அழாதம்மா. நான் நல்லாத்தான் இருக்கேன்.”

பொன்னம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். வாராவாரம் மலேசியாவிலிருந்து வரும் அதே குரல்.